நாளுக்கு ஒரு பாடம்

என் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திய அன்று தலைமையாசிரியரிடம் நான் பேசிய பேச்சை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். "பிள்ளைங்கள ஓட விடறீங்க சார், படிக்க விடறதில்ல" என்றேன். சொல்லிவிட்டுக் கதவருகே ஒரு தடவை திரும்பிக்கூடப் பார்த்தேன், தைத்ததா என்று. தைத்த மாதிரித் தெரியவில்லை. மனிதர் அடுத்த விண்ணப்பத்துக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார்.

அந்தப் பள்ளியில் கணக்கு வகுப்பு என்றால் மேஜைமேல் ஒரு மணிக்கடிகாரம். ஐந்து நிமிடத்தில் அது அலறும்போது முடிக்காதவர்கள் எழுந்து நிற்க வேண்டும். எங்கள் சுண்டு (ஒன்பது வயது, வீட்டில் யாரும் அவளை வேறு பெயரில் கூப்பிடுவதில்லை) அந்த வருஷத்தில் பாதியை நின்றே கழித்தாள். நிற்கும் நேரத்தில் இடது புருவத்திலிருந்து ஒவ்வொரு முடியாகப் பிடுங்கிக்கொள்வாள். பாதிப் புருவம் போன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. வீட்டிலேயே படிக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தோம். கல்வி அலுவலகம் ஒரு நிபந்தனை போட்டது: மூன்று மாதம் கழித்து ஓர் அதிகாரி வீட்டுக்கு வருவார், முன்னேற்றம் போதாது என்று அவர் எழுதினால் பிள்ளை மறுபடி அதே வகுப்புக்கு, அதே மணிக்கடிகாரத்துக்கு.

இனி என் பிழைப்பைச் சொல்ல வேண்டும். நான் பஸ் பணிமனையில் நேர அட்டவணை போடுகிறவன். எந்த வண்டி எத்தனை மணிக்கு எந்த நிறுத்தத்தில் நிற்க வேண்டும் என்று கட்டம் கட்டமாக எழுதுவது என் வேலை. அட்டவணையை எழுதுகிறவன் அந்த பஸ்ஸில் ஏற மாட்டான் என்பது எங்கள் அலுவலக மரபு. பகல் பன்னிரண்டுக்குத்தான் எனக்கு வேலை. மனைவி காலை ஏழரைக்கே மருந்துக்கடை வேலைக்குப் போனால் நான் கிளம்பும் நேரத்துக்குத்தான் திரும்புவாள். ஆகவே பாடம் நடத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நானே தலையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கணக்குப் புத்தகத்தில் நூற்று நாற்பது பாடங்கள். நாளுக்கு ஒன்று, வாரத்துக்கு ஐந்து. எட்டு மணி முதல் எட்டு நாற்பது வரை. பத்து நிமிடம் பழையது, பதினைந்து நிமிடம் புதியது, பதினைந்து நிமிடம் பயிற்சி. மூன்று வண்ணத்தில் கட்டம் போட்டு, சுவர்க்கடிகாரத்துக்குக் கீழே ஒட்டினேன். பள்ளியின் மணிக்கடிகாரத்தைக் கரித்துக் கொட்டிய அதே வாயால், "எட்டு இருபத்தஞ்சு ஆச்சு, அடுத்தது" என்று சொல்ல எனக்குக் கொஞ்சமும் கூச்சமாக இல்லை.

இதற்குத் தூபம் போட ஒரு கைபேசிக் குழு இருந்தது. வீட்டில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர் நாற்பது பேர், எல்லோருக்கும் இதே கணக்குப் புத்தகம். காலை ஒன்பதுக்கு எல்லோரும் பாட எண்ணை மட்டும் போடுவார்கள், ஏதோ காய்ச்சல் அளவு போடுகிற மாதிரி. 51. 63. 48. தலைவர் ஒருவர் உண்டு. நான் அவருக்கு ராக்கெட் அப்பா என்று பெயர் வைத்திருந்தேன். அவர் பையன் அந்தப் புத்தகத்தில் எண்பதைத் தாண்டிவிட்டான். கல்யாண வீட்டிலும் கணக்குப் போடுகிற குழந்தை என்று அவரே எழுதினார். குழந்தையை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் மறுநாள் என் எண்ணைப் போடும்போது கை கொஞ்சம் வேகமாகத்தான் போனது.

ஐம்பத்தேழாவது நாள், ஐம்பத்தேழாவது பாடம். ஒரு நாள்கூடப் பிந்தவில்லை. சுண்டு பயிற்சியில் பத்துக்கு எட்டு வாங்குவாள், எப்போதும் எட்டு. 'முழு மதிப்பெண்ணைவிட எட்டுதான் ஆரோக்கியம்' என்று குழுவில் ஒரு தத்துவம்கூட உதிர்த்தேன். பதினோரு பேர் கைதட்டல் படம் போட்டார்கள்.

அன்று செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை அதிகாரி வருகிறார். புத்தக அலமாரியின் தட்டு ஒன்று என் அறிவுச் சுமை தாங்காமல் வளைந்துவிட்டதால் மச்சினனை வரச் சொல்லியிருந்தேன். மனைவியின் தம்பி. தச்சு வேலை. கணக்கில் மூன்று தடவை தவறியவன். நான் அதை அவனுக்கு வருஷத்துக்கு நாலு தடவையாவது நினைவூட்டுவேன். சுண்டு உள்ளே பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். அளவு குறித்துக்கொள்ள வெற்றுப் பக்கம் தேடி அவள் நோட்டைப் புரட்டியவன் ஓர் இடத்தில் நின்றான்.

"அத்தான், இது யாரு திருத்தினது?"

"வேற யாரு, நான்தான்."

"முக்காலும் மூணுல ஒண்ணும் சேத்தா பன்னெண்டுல பதினொண்ணுன்னு போட்டிருக்கு. நீங்க டிக் வேற அடிச்சிருக்கீங்க."

"ஆமா. அதுக்கென்ன?"

அவன் அளவு நாடாவை இழுத்து மேஜைமேல் வைத்தான். "முக்கால் அடின்னா ஒம்பது இஞ்ச். மூணுல ஒரு அடின்னா நாலு இஞ்ச். ஒம்பதும் நாலும் என்ன அத்தான்?"

"பதிமூணு."

"அப்போ பதினொண்ணு எப்படி வந்துச்சு? பலகை காய்ஞ்சு சுருங்கிடுச்சா?"

"டேய், புத்தகத்துலயே விடை அப்படித்தான் இருக்கு" என்று பின்பக்கத்தைத் திறந்து காட்டினேன். இருந்தது. பாடம் 44, கணக்கு 6: பன்னிரண்டில் பதினொன்று. அச்சுப் பிழை. வெற்றியோடு நிமிர்ந்தேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி, புத்தகம் தப்பு. இவளுக்கும் அதே தப்பு எப்படி வந்துச்சு?"

பணிமனையில் நான் கண்டுபிடிக்கிற கள்ளம்தான் இது. ஒரு வழித்தடத்தில் எல்லா வண்டியும் நூற்றுக்கு நூறு நேரத்துக்கு வந்தால், வழியில் எங்கேயும் நிறுத்தி ஆள் ஏற்றவில்லை என்று அர்த்தம். இதை வைத்து ஏழு ஓட்டுநர்களைப் பிடித்தவன் நான். ஓட்டுநருக்குக் கடைசி நிறுத்தத்தில் எட்டு நிமிடம் மூச்சு வாங்க விட வேண்டும் என்று மேலதிகாரியோடு மல்லுக்கு நின்றவனும் நானே. பின்பக்கத்தைப் பார்த்து அவள் எழுதியிருக்கிறாள். பின்பக்கத்தைப் பார்த்து நான் திருத்தியிருக்கிறேன். கணக்கை மட்டும் அந்த வீட்டில் யாரும் போடவில்லை. போட்டவன் மூன்று தடவை தவறியவன்.

சுண்டு வாய் துடைத்துக்கொண்டு வந்தாள். மாமன் கையில் நோட்டைப் பார்த்ததும் அவள் கை தானாக இடது புருவத்துக்குப் போனது. அப்போதுதான் பார்த்தேன். மூன்று மாதத்துக்கு முன் வளர ஆரம்பித்திருந்த புருவம் ஓரத்தில் மறுபடி வழுக்கையாகியிருந்தது. தினமும் நாற்பது நிமிடம் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். நான் பார்த்தது அவள் தலைக்கு மேலிருந்த அட்டவணையை.

"எந்தப் பாடத்துலேர்ந்துடா?" என்றேன்.

"முப்பது." அழவில்லை. "பின்னத்துக்குக் கீழ வேற வேற நம்பர் வருதுல்ல, அது. எனக்குப் புரியல. நீ கடிகாரத்தப் பாத்த. பாத்துட்டு வாய இப்படி வச்ச." வைத்துக் காட்டினாள். என் வாய்தான், அச்சு அசல். "அப்புறம் பரவால்லன்னு சொல்லிட்டு பக்கத்தத் திருப்பிட்ட."

"அந்த ரெண்டு தப்பு? தினமும் ரெண்டு தப்பு வருமே?"

"அது நானா போடறது. எல்லாம் சரியா இருந்தா நீ சந்தேகப்படுவல்ல."

மச்சினன் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. அவன் சிரித்தானா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

இரவு வேலையிலிருந்து வந்ததும் மனைவியிடம் சொன்னேன். மாத்திரைப் பட்டை எண்ணுகிற முகத்தோடு முழுக்கக் கேட்டாள். "வெள்ளிக்கிழமை என்ன சொல்லப் போறீங்க?"

"அறுபதாம் பாடம்னு சொல்லிட்டா விட்டுடுவாங்க. நோட்டுல அழகா இருக்கு."

"அவ மிச்சத்தையும் பாத்தே எழுதுவா."

"நிஜத்தச் சொன்னா பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிடுவாங்க."

"ம்" என்றாள். சற்றுப் பொறுத்து, "பஸ்ஸுக்கு எழுதறத பஸ்ஸோட நிறுத்திக்கக் கூடாதா நீங்க" என்றாள். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

புதனும் வியாழனும் இருபத்தொன்பதாம் பாடத்தின் கடைசிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம், மச்சினன் விட்டுப்போன அளவு நாடாவோடு. சுவர்க்கடிகாரத்தைக் கழற்றிவிட்டேன். ஆனாலும் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அது தொங்கிய ஆணியை நிமிர்ந்து பார்த்தேன். தொழில் புத்தி.

வெள்ளிக்கிழமை வந்த அதிகாரி அம்மாளிடம் மெல்லிய கோப்பு ஒன்றும், மூடியைத் திறந்து திறந்து மூடும் பேனா ஒன்றும் இருந்தன.

"கணக்குல எந்தப் பாடம் போயிட்டிருக்கு?"

"அட்டவணைப்படி அறுபது" என்றேன். சுண்டு என் வாயையே பார்த்தாள். "நிஜத்துல இருபத்தொம்போது."

"நடுவுல இருக்கறது?"

"நானும் அவளும் பின்பக்கத்தப் பாத்து எழுதினது மேடம். அவ விடைய, நான் டிக்க."

பேனா நின்றது. அம்மாள் சிரிக்கவில்லை. நோட்டின் ஓரத்தில் அரையும் மூன்றில் ஒன்றும் எழுதிச் சுண்டு பக்கம் தள்ளினார். சுண்டு நாடாவை இழுத்தாள். ஆறு, நாலு. விரல் வைத்து எண்ணினாள். பேனா மூடி டிக் டிக் என்றது. நான் ஆணியைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க என்ன பாடு பட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

"பத்து. பன்னெண்டுல பத்து."

அம்மாள் இன்னொன்று எழுதினார்: அரையும் ஐந்தில் இரண்டும். இதை நாங்கள் தொட்டதே இல்லை. சுண்டு நாடாவை முன்னும் பின்னும் நகர்த்தினாள். கை புருவத்துக்குப் போனது, பாதியில் இறங்கியது.

"இது அடியில வராது."

"ஏன் வராது?"

"பன்னெண்ட அஞ்சா வெட்ட முடியல. வேற நீளத்துல பலகை வேணும்."

"எவ்வளவு நீளம்?"

பத்து, பத்து என்று என் நாக்கு நுனியில் துடித்தது. கடித்துக்கொண்டேன்.

"தெரியல" என்றாள். "நாளைக்குச் சொல்றேன்."

அம்மாள் வெகு நேரம் எழுதினார். போகும்போது பிரதியைக் கொடுத்தார். 'வயதுக்குரிய பாட அளவு எட்டப்படவில்லை. எது தெரியவில்லை என்பது மாணவிக்குத் தெரிகிறது. இரண்டு மாதம் அவகாசம். மறு ஆய்வு உண்டு.' வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்த அட்டவணைய எடுத்துடுங்க. கண்ணு கூசுது" என்றார்.

இரண்டு மாதம். பெரிய கருணை ஒன்றுமில்லை. எடுத்துக்கொண்டோம்.

நாளைக்கு என்றவள் சனிக்கிழமை சொல்லவில்லை. ஞாயிறும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, என் வாழ்க்கையிலேயே நான் செய்த ஆகப்பெரிய உடல் உழைப்பு அது. திங்கள் காலை பல் தேய்த்துக்கொண்டே வெளியே வந்து, நுரையோடு "பத்து இஞ்ச் பலகை. பத்துல ஒம்பது" என்றாள். நுரை அட்டவணை இருந்த சுவரில் தெறித்தது.

ஒன்பது மணிக்குக் குழுவில் எண்கள் வர ஆரம்பித்தன. 54. 66. 92. நானும் போட்டேன்: 29.

ராக்கெட் அப்பா கேட்டார்: "தொண்ணூத்திரண்ட திருப்பிப் போட்டுட்டீங்களா சார்?"

"இல்ல சார், இருபத்தொம்போதுதான்" என்று எழுதினேன். "நாளைக்கும் அதுவாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன். பின்பக்கத்தப் பாத்து எழுதி, 44-ஆம் பாடம் ஆறாவது கணக்குல மாட்டிக்கிட்டோம்."

யாரும் கைதட்டவில்லை. ஆனால் மதியத்துக்குள் மூன்று பேர் தனித்தனியாக எனக்கு மட்டும் எழுதியிருந்தார்கள். மூவருக்கும் ஒரே சந்தேகம்: பாடம் 44, ஆறாவது கணக்குக்கு உங்கள் பிள்ளை என்ன விடை எழுதியது?