ஏகமனதாக நிறைவேறியது

பல் டாக்டர் புத்தகத்தை விரித்து, விரலில் எச்சில் தொட்டு நாலு பக்கம் தள்ளினார், அப்படியே நின்றுவிட்டார். நூற்றுப் பதினாறுக்கு அடுத்து நூற்று இருபத்து மூன்று. நடுவில் மூன்று தாள் இல்லை. நான் குறிப்பேட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. ‘வாசிப்பு வட்டம், சனிக்கிழமை மாலை ஐந்து மணி, வந்தவர்கள் ஆறு பேர்’ என்று எழுதியிருந்தேன். ‘பேர்’ என்பதன் மேலேயே பேனா இன்னொரு முறை ஓடியது.

எங்கள் வட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வாராவாரம் நூலகத்தின் பின்னறையில் கூடுவோம். டாக்டர்தான் தலைவர். பேச ஒருவருக்கு மூன்று நிமிஷம். அதற்கு மேல் போனால் மேசை மணியைத் தட்டிவிடுவார், பாதி வார்த்தையை விழுங்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஒருவர் பேசும்போது இன்னொருவர் வாயைத் திறக்கக் கூடாது. எந்த முடிவானாலும் கை தூக்கித்தான். சண்டை போடத் தெரியாத ஜனங்கள் என்று எங்களைப் பற்றி எங்களுக்கே ஒரு பெருமை உண்டு. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், பூகோள டீச்சர், எல்லாவற்றுக்கும் சேர்ந்தே தலையாட்டும் ஒரு புருஷன் பெண்டாட்டி, அப்புறம் நான், செயலாளர். பகலில் வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கிறவள். காதில் விழுந்ததைக் கை தானாக எழுதிவிடும். நல்லது கெட்டது பார்க்காது.

அன்றைய புத்தகம், சுரங்கம் இடிந்து உள்ளே மாட்டிக்கொண்ட ஒன்பது பேரின் கதை. ‘மனிதனுக்குள் மிருகம் இருக்கிறதா, பசிதான் மிருகமா’ என்று தலைப்பு வைத்திருந்தோம். பதினோராம் நாள் எட்டுப் பேரும் ஒன்பதாவது ஆளின் பக்கம் திரும்புகிறார்கள். அந்த ஆறு பக்கம்தான் இல்லை.

அது எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். என் வீட்டில், பீரோவில், புடவைகளுக்கு அடியில், ஒரு பிஸ்கட் டப்பாவில். ஒளிப்பானேன்? இரண்டு வருஷமாக நூலகப் புத்தகங்களில் பக்கம் அறுக்கிறேன். காதல் பக்கம், கண்ணீர்ப் பக்கம் எதுவும் எனக்கு வேண்டாம். மனுஷன் மனுஷனை அடித்துக் கொல்கிற பக்கம் மட்டும் வேண்டும். அக்கா குளிக்கப் போகிற நேரத்தில் டப்பாவைத் திறப்பேன். பயமா, ருசியா, என்ன எழவோ, சொல்லத் தெரியவில்லை. படித்துவிட்டு எழுந்துபோய்ப் பால் காய்ச்சுவேன்.

கடைசியாக அறுத்தபோது ஒருவர் பார்த்துவிட்டார். நூலக வாசலில் உட்கார்ந்து குடை ரிப்பேர் செய்கிறவர். நல்ல மழை. ஒதுங்குவதற்காகப் பின்னறைக்குள் வந்தவர், சொட்டச் சொட்ட என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. அவரோ பிளேடைத்தான் பார்த்தார்.

“மழுங்கிப்போச்சும்மா அது. தாள் பிசிறடிக்குது பாருங்க” என்று பையிலிருந்து காகிதம் சுற்றிய ஒரு புது பிளேடை எடுத்துக் கொடுத்தார். “இத வச்சு அறுங்க. கை பத்திரம்.”

என் மூக்கில் கண்ணாடி, பக்கத்தில் பெரிய நோட்டு, காதில் பேனா. நூலக வேலையாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டார், பாவம். நானும் “ரொம்ப தேங்க்ஸ்” என்றேன். வெண்ணெயில் இறங்குகிற மாதிரி அறுத்தது.

கண்ணாடிக் கடைக்காரர் இப்போது பாக்கெட்டிலிருந்து லென்சை எடுத்து அறுத்த ஓரத்தைப் பார்த்தார். “புது பிளேடு. கை பழகின ஆள்.”

“வாசல்ல குடைக்காரர் உக்காந்திருக்காரே, அவர் பையில பிளேடு இருக்கும்” என்றாள் டீச்சர். மெதுவாகத்தான் சொன்னாள், யாரையும் குறை சொல்லாத குரலில்.

டாக்டரே போய் அழைத்துவந்தார். குடைக்காரர் காலை இரண்டு முறை மிதியடியில் துடைத்தார். “உட்காருங்க, டீ சாப்பிடுங்க” என்றார்கள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பையை மேசையில் கவிழ்த்தார்கள். கம்பி, நூல்கண்டு, கறுப்புத் துணி, இரண்டு பிளேடு. ஆறு பக்கம் அதில் இல்லையே என்று ஒருவரும் கேட்கவில்லை. யாரும் தொந்தரவு செய்யக் கூடாதே என்று அந்தப் புருஷன்காரர் எழுந்து கதவைத் தாழிட்டார்.

ஆளுக்கு மூன்று நிமிஷம் பேசினார்கள். இந்த மாதிரி ஆட்களுக்குப் புத்தகத்தின் அருமை தெரியாது, இடம் கொடுத்தது நம் தப்பு என்று டீச்சர் வருத்தப்பட்டாள். எழுத்தறிவு வேறு, பண்பு வேறு என்று கண்ணாடிக்காரர் அழகாக எடுத்துச் சொன்னார். என் முறை வந்தது. எழுந்தேன். சொல்லிவிடு, சொல்லித் தொலை என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. “எனக்கு ஒண்ணும் இல்ல” என்று உட்கார்ந்துவிட்டேன்.

அவருக்கும் மூன்று நிமிஷம், அதுதான் நியாயம் என்றார் டாக்டர்.

விஷயம் அப்போதுதான் குடைக்காரருக்குப் புரிந்தது. முகம் தெளிந்து சிரித்துவிட்டார். “அட, இதுக்கா கூப்பிட்டீங்க? இந்தம்மாவ கேளுங்களேன். அவங்கதான் ஆபீஸ் வேலையா அறுத்துக்கிட்டிருந்தாங்க. நான்தான் பிளேடு குடுத்தேன்.”

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். ஐந்து ஜோடிக் கண். அவரும்தான் பார்த்தார், நான் வாயைத் திறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற நிம்மதியோடு.

“இவரை நான் பார்த்ததே வாசல்லதான்” என்றேன்.

டாக்டர் மணியைத் தட்டினார்.

“யார் மேல பழி போடறான் பாருங்க!” என்றார் கண்ணாடிக்காரர். அதுவரை ‘வாங்க, போங்க’ என்றிருந்தவர்கள். அந்த ஒரு ‘றான்’ வந்து விழுந்ததும் அறைக்குள் ஏதோ அவிழ்ந்துபோனது, என் முதுகுக்குத் தெரிந்தது. ‘தக்க முறையில் கண்டிப்பது’ என்று டாக்டர் தீர்மானம் சொன்னார், நான் எழுதினேன். ஐந்து கை உயர்ந்தது. டாக்டர் என்னைப் பார்த்தபடி காத்திருந்தார். பேனாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையைத் தூக்கினேன்.

கண்ணாடிக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, கூட்டில் போட்டு மூடிவிட்டு, முதல் அடியை அடித்தார். புருஷன்காரர் காலைப் பிடித்துக்கொண்டார். பெண்டாட்டி டீ கிளாஸை எடுத்து ஓரமாக வைத்தாள், கொட்டிவிடக் கூடாதே. டீச்சர் குடையால் அடித்தாள். செவ்வாய்க்கிழமைதான் அதற்கு அவர் புதுக் கம்பி போட்டுக் கொடுத்திருந்தார். எத்தனை அடிக்கும் வளையவில்லை. யாரும் கத்தவில்லை, குறுக்கே பேசவில்லை, ஒருவர் ஓய்ந்ததும் இன்னொருவர். அவர் மட்டும் “அம்மா, அம்மா” என்றார். பெற்றவளைக் கூப்பிட்டாரா, என்னையா, தெரியாது. டாக்டர் மணியைத் தட்டியதும் எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நிமிஷம்.

நான் அடிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

டாக்டர் குனிந்து அவர் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, வெளிச்சத்தில் வாய்க்குள் பார்த்தார். “ரெண்டு பல் ஆடுது. திங்கக்கிழமை கிளினிக்குக்கு வாங்க, பாத்துடலாம்.”

குடைக்காரர் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார். தாழை எடுத்துவிட்டார்கள். வாசற்படியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் கோபம்கூட இல்லை.

“அது ஆபீஸ் வேலை இல்லியாம்மா?”

கதவு சாத்தப்பட்டது. மீதி நேரத்தில் தலைப்பைப் பேசி முடித்தோம். பசிதான் மிருகம் என்று நாலு பேரும், இல்லை என்று இரண்டு பேரும் கை தூக்கினார்கள்.

வீட்டுக்கு வந்தேன். “கூட்டம் எப்படிடி போச்சு?” என்றாள் அக்கா.

“எப்பவும் போலத்தான்.”

“ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்க?”

“பசி.”

அக்கா துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள். குறிப்பேட்டைத் திறந்தேன். அடுத்த சனிக்கிழமை இதை நான் எழுந்து நின்று வாசிக்க வேண்டும், எல்லாரும் சரி என்று சொல்ல வேண்டும், அதுதான் வழக்கம். கை ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. யார், எத்தனையாவது நிமிஷத்தில், எதனால், எந்த இடத்தில். ‘செயலாளர்: இவரை நான் பார்த்ததே வாசலில்தான்.’ என் கையெழுத்து எப்போதும் முத்து முத்தாக இருக்கும், அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது.

கைப்பையிலிருந்து அவர் கொடுத்த பிளேடை எடுத்தேன். குறிப்பேட்டின் தையலை ஒட்டி ஒரே இழுப்பு. ஒரு பிசிறு இல்லை. பீரோவைத் திறந்து, புடவைகளை ஒதுக்கி, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். உள்ளே வைப்பதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. அக்கா தாழை விலக்குவது கேட்டது. இன்னும் அரைப் பக்கம் பாக்கி இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.