பித்தளைத் திருகுமூடி

மாடிக் குளியலறையிலிருந்து தூக்கி வந்த எடை பார்க்கும் தராசை லனெட் படகு டிரெய்லரின் மூக்குக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே நின்று அண்ணனின் நண்பன் வெண்டல் காபி குடித்துக்கொண்டிருந்தான்.

காலையில் தேவாலயத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. இனி அண்ணன் ஆர்விட்டின் சாம்பலை ஏரியில் கரைப்பதுதான் பாக்கி. லனெட் கறுப்பு உடையில், ஒரு அட்டைத் துண்டின்மேல் முழங்கால் போட்டிருந்தாள். உடையில் பை இல்லை. பெண்கள் துக்கத்துக்கு எதையும் எடுத்துப் போகமாட்டார்கள் என்று தைத்தவன் முடிவு செய்திருக்க வேண்டும். அளவு நாடாவைப் பல்லில் கடித்திருந்தாள்.

"ஏம்மா, உங்கண்ணன் படகு டயட்ல இருக்கா?" என்றான் வெண்டல்.

பல்லில் நாடா இருந்ததால் அவன் பிழைத்தான்.

படகு ஆர்விட்டுடையது. இருபத்திரண்டு அடி. ஆனால் அதை இழுக்க ஆர்விட்டிடம் வண்டி இருந்ததில்லை, வெண்டலிடம்தான் இருந்தது. டிரெய்லர் என்ன, பள்ளிக்கூடத்தையே இழுத்துப் போகலாம் போன்ற பிக்கப். ஒருத்தனிடம் படகு, இன்னொருத்தனிடம் வண்டி. கல்யாணங்கள்கூட இவ்வளவு பொருத்தமாக அமைவதில்லை. பதினோரு கோடைகாலம் இருவரும் சேர்ந்தே ஏரிக்குப் போனார்கள். அந்தப் பதினோரு கோடையில் லனெட்டை அழைத்தது நான்கு முறை. நான்கு முறையும் பின்பக்கம் பீர்ப் பெட்டிகளோடு உட்கார வைத்தார்கள்.

அவளுக்கும் பிக்கப் உண்டு, நடுத்தர அளவு, கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக். வாங்கிய அன்று ஆர்விட் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நல்லாருக்கு. இன்னொரு கால் ஷூ எங்க?" என்று கேட்டிருந்தான். வெண்டல் சிரித்ததுதான் அவளுக்கு இன்றும் நினைவிருந்தது.

மூன்று நாளுக்கு முன் மார்லிஸ் அண்ணியின் சமையலறையில், "படகை வெண்டல்தானே இழுக்கணும்" என்று யாரோ சொல்லி முடிப்பதற்குள், "நான் இழுக்கறேன்" என்று லனெட் சொல்லிவிட்டாள். ஹாம் இறைச்சி வெட்டிக்கொண்டிருந்த அண்ணியின் கத்தி நின்றது.

"பத்திரமா இழுப்பேன்னா இழு. கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் வெண்டல்."

அதனால்தான் தராசு.

படகு, டிரெய்லர், நிரப்பிய பெட்ரோல் எல்லாம் சேர்த்து ஐயாயிரம் பவுண்டு. அவள் வண்டி ஆறாயிரத்து ஐந்நூறு வரை இழுக்கும். அதில் தகராறில்லை. ஆனால் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது டிரெய்லரின் மூக்கில் அமுங்க வேண்டும். மூக்கு லேசாக இருந்தால் வேகத்தில் வால் ஆட ஆரம்பிக்கும். பிறகு வண்டி படகை இழுக்காது, படகுதான் வண்டியை ஆட்டி வைக்கும். ஐந்நூறு பவுண்டைக் குளியலறைத் தராசு தாங்காது. ஒரு பலகையின் ஒரு முனையைச் செங்கல்மேலும் மறு முனையைத் தராசின்மேலும் வைத்து, செங்கல்லிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் மூக்கை இறக்கினாள். தராசு காட்டுவதை மூன்றால் பெருக்க வேண்டும்.

நூற்றுப் பன்னிரண்டு காட்டியது.

"முந்நூத்தி முப்பத்தாறு. பத்தாது" என்றாள்.

"என் வண்டிக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாதும்மா. கொக்கிய மாட்டுவோம், போவோம்."

"பின்னாடி என்ன ஏத்தி வெச்சிருக்க?"

வெண்டல் காபிக் கோப்பையின் அடியை ஆராய்ந்தான். கரைத்துவிட்டு வந்தபின் எல்லாரும் சாப்பிடுவதற்காக, பீரும் உருளைக்கிழங்கு சாலட்டும் அடைத்த நான்கு ஐஸ் பெட்டிகளைப் படகின் வால்பக்கம் அவன்தான் ஏற்றியிருந்தான். அவற்றோடு நங்கூரமும் சங்கிலியும்.

"எறக்கு" என்றாள் லனெட்.

கோட்டும் டையுமாக அவன் நான்கு பெட்டிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய்த் தன் பிக்கப்பில் வைத்தான். பள்ளிக்கூடம் இழுக்கும் வண்டிக்கு இந்த இறுதிச் சடங்கில் உருளைக்கிழங்கு சாலட் சுமக்கும் பொறுப்பு கிடைத்தது. நங்கூரத்தை லனெட்டே படகின் முன்பக்கம் நகர்த்தினாள். மறுபடி தராசு. நூற்றி எண்பத்தொன்று.

"ஐந்நூத்தி நாப்பத்தி மூணு" என்று, வாசலுக்கு வந்து நின்ற அண்ணியிடம் சொன்னாள். பள்ளியில் மதிப்பெண் அட்டையை நீட்டுவது போல இருந்தது அவளுக்கே.

அண்ணி சாம்பல் பெட்டியை வைத்திருந்தாள். "சரி, நீயே இழு. வெண்டல், நீ அவகூட உக்காரு, வழியில எதுனாலும் உதவியா இருக்கும். உன் வண்டிய நான் ஓட்டிட்டு வரேன்."

"அதையா? நீயா?"

"சாலட்தானே இருக்கு" என்றாள் அண்ணி. சொல்லிவிட்டுப் பெட்டியை அவன் கையில் கொடுத்தாள். வண்டி ஓட்டுகிறவள் எப்படி மடியில் வைத்துக்கொள்வாள்?

லனெட் டிரெய்லரைத் தன் வண்டியில் பூட்டினாள். வண்டியின் பின்னாலிருக்கும் இரும்புக் குண்டின்மேல் மூக்கு உட்கார்ந்ததைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டு சங்கிலிகளையும் குறுக்காக மாட்டினாள். டிரெய்லர் பிரேக்கின் கம்பியைச் செருகி, விளக்குகளை எரியவிட்டுப் பார்த்தாள். பிறகு ஏறி உட்கார்ந்து பக்கத்தில் பார்த்தபோது, ஆர்விட் வெண்டலின் மடியில் இருந்தான். வெண்டல் சீட் பெல்ட்டைப் பெட்டியையும் சேர்த்துப் போட்டிருந்தான்.

ஏரிக்குப் பதினான்கு மைல். ஐம்பதுக்கு மேல் அவள் போகவில்லை.

எட்டு நாளாக வெண்டல் ஒரு கதையைச் சொல்லி வந்தான். ஆர்விட் படகு இறக்கும் சரிவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது பக்கத்தில் இருந்தவன் அவன் மட்டும்தான். லனெட் அப்போது பல் மருத்துவரிடம் வாயைத் திறந்துகொண்டு கிடந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் கதை சிறியதாகத்தான் இருந்தது: ஆர்விட் ஏரியைப் பார்த்தான், கண்ணை மூடினான். மறுநாள் கதையில் ஆர்விட் "இது போதும்டா" என்று சொல்லியிருந்தான். அதற்கும் மறுநாள் வெண்டலின் கையைப் பற்றிக்கொண்டு சொல்லியிருந்தான். இன்று காலை அது பாஸ்டரின் பிரசங்கத்திலேயே ஏறிவிட்டது. ஏரியின்மேல் ஒளி வேறு சேர்ந்திருந்தது. ஜனங்கள் மூக்கைச் சிந்தினார்கள். முதல் வரிசையில் இருந்த லனெட், தன் அண்ணனின் சாவுக்கு ஓசி டிக்கெட்டில் வந்தவள் போல உட்கார்ந்திருந்தாள்.

எதிரே மரக்கட்டை ஏற்றிய லாரி ஒன்று வந்து, காற்றை அறைந்துவிட்டுப் போனது. படகின் வால் ஒரு விரல் அளவு அசைந்தது. லனெட் பிரேக்கைத் தொடவில்லை. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்தாள். வால் அடங்கியது. வெண்டல் பெட்டியை இரண்டு கைகளாலும் அணைத்திருந்தான்.

ஒரு மைல் கழித்து, "நல்லாத்தான் வருது" என்றான்.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அவன் சொன்னதற்குச் சந்தோஷப்பட வேண்டியிருக்கிறதே என்று எரிச்சலாகவும் இருந்தது.

ஏரிக்கு இறங்கும் மேட்டில் கியரைக் குறைத்து, சரிவில் பின்பக்கமாக வண்டியைத் திருப்பி நிறுத்தினாள். அண்ணி, வெண்டலின் வண்டியை இரண்டு வண்டிகளுக்கான இடத்தில் கோணலாகப் போட்டுவிட்டு, பாஸ்டரோடு படகுத்துறைக்கு நடந்து போனாள். வெண்டல் அதைப் பார்க்காத மாதிரி இருந்தான்.

லனெட் இறங்கி, தண்ணீரில் இறக்குவதற்கு முன் படகின் பின்பக்க அடியில் குனிந்தாள். உள்ளே சேரும் தண்ணீர் வடிவதற்கு அங்கே ஒரு ஓட்டை உண்டு. அதை அடைக்கப் பித்தளைத் திருகுமூடி ஒன்றும் உண்டு. ஆர்விட் அதை எப்போதும் முன்பக்கக் கயிற்றில் ஒரு கொக்கியில் மாட்டி வைப்பான். அங்கே கொக்கி மட்டும் இருந்தது.

"வெண்டல், மூடி எங்க?"

அவன் பெட்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டான். வலது கை கோட்டின் உள்பைக்குள் போய் வெகு நேரம் இருந்தது. வெளியே வந்தபோது உள்ளங்கையில் மூடி இருந்தது. துடைத்துத் துடைத்துப் பளபளத்திருந்தது.

"எட்டு நாளா இதை வெச்சிட்டா சுத்தற?"

"அவன் அப்படில்லாம் ஒண்ணும் சொல்லல, லனெட்."

"எப்படில்லாம்?"

"ஏரி, போதும்டா... அதெல்லாம். கேக்கறவங்க ஒவ்வொருத்தரும் இன்னும் ஏதோ இருக்குங்கற மாதிரி பாத்தாங்க. கொஞ்சம் கொஞ்சமா நானே..." பெட்டியைப் பார்த்தான். "இதோ, இங்கதான் உக்காந்தான். வேர்த்துக் கொட்டுது. என்னைப் பாத்து, 'மூடிய போட்டியா'ன்னான். அவ்வளவுதான்."

தூரத்தில் அண்ணி பாஸ்டருக்கு எதையோ காட்டிக்கொண்டிருந்தாள்.

"போட்டிருந்தியா?"

"இல்ல. கையில வெச்சிருந்தேன்."

"என்ன சொன்ன?"

"போட்டுட்டேன்டான்னு சொன்னேன்."

லனெட் கையை நீட்டினாள். மூடி அவன் உடம்புச் சூட்டோடு இருந்தது. குனிந்து அதை ஓட்டையில் வைத்துத் திருகினாள். அது இறுகி நின்ற பிறகும் கால் சுற்று அழுத்தினாள். சாகிறவனிடம் ஒரு பொய் சொல்ல வேண்டியிருந்திருக்கிறது. அந்தப் பொய்யும் இவனுக்குத்தான் கிடைத்திருக்கிறது.

படகை வெண்டல்தான் ஓட்டினான். லனெட் பின்பக்கம், பீர்ப் பெட்டிகள் இல்லாத இடத்தில் உட்கார்ந்தாள். நடு ஏரியில் அண்ணி பெட்டியைக் கவிழ்த்தபோது காற்று திசை மாறி, கொஞ்சம் சாம்பல் பாஸ்டரின் அங்கியில் படிந்தது. அவர் அதைத் தட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். யாரும் உதவவில்லை.

கரைக்கு வந்து லனெட் படகை மேலே இழுத்து நிறுத்தினாள். ஏரியை விட்டுக் கிளம்பும் முன் மூடியைக் கழற்றியாக வேண்டும். ஓர் ஏரியின் தண்ணீர் இன்னொரு ஏரிக்குப் போகக்கூடாது, மின்னசோட்டாவில் அது சட்டம். அவள் கழற்றினாள். தண்ணீர் சரிவில் ஓடி மறுபடி ஏரிக்குள் போனது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதிகமில்லை, ஒரு வாளி இருக்கும். கடைசிச் சொட்டு வரை நின்றார்கள்.

வெண்டலின் கை பாதி நீண்டிருந்தது. கயிற்றின் கொக்கியும் காலியாகத்தான் இருந்தது.

லனெட் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு இடுப்பின் இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தாள். பை இல்லை. டிரெய்லரின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு இடது கால் ஷூவைக் கழற்றி, மூடியை உள்ளே போட்டு, மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"அங்கயா?" என்றான் வெண்டல்.

"வண்டி ஓட்டும்போது அந்தக் கால் சும்மாதான் இருக்கும்."

அவன் கை கோட்டின் உள்பைக்குப் போனது. எட்டு நாள் புடைத்திருந்த இடத்தை ஒரு முறை நீவிவிட்டு, எதுவும் இல்லாமல் வெளியே வந்தது.

லனெட் சங்கிலிகளைச் சரிபார்த்தாள், விளக்குகளைப் பார்த்தாள். பிறகு வண்டியின் முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டு, இடது காலை லேசாகச் சாய்த்துச் சாய்த்து, கதவுப் பக்கம் நடந்தாள்.