நெயில் பாலிஷ் உலகம்

ஊரையே நாற்காலியில் உட்கார வைத்து முடி வெட்டுகிறவள் நான். எனக்கு உட்கார ஒரு முக்காலி கிடையாது. நின்று நின்று காலில் நரம்பு நீலமாய்ப் புடைத்துவிட்டது. அழகுக்கலைப் பயிற்சி மையத்தில் டீச்சர் வேலை கேட்டுப் போனேன். அங்கே டீச்சருக்கு மேசை உண்டு, நாற்காலி உண்டு. "பத்தாவது பாஸா?" என்றார் மேலாளர். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவளிடம் கேட்கிற கேள்வியா இது?

சரி, தனித்தேர்வராக எழுதினேன். கணக்குகூடக் கரையேறிவிட்டது. சமூக அறிவியல் மட்டும் காலை வாரிவிட்டது. உலகப் படத்தில் இடம் குறிக்கச் சொன்னால் என் பாலைவனமெல்லாம் கடலில் போய் விழும். "அடுத்த தடவையும் போச்சுன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்" என்றார் மேலாளர்.

கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கு ஒரு யோசனை வந்தது. "புத்தகத்தைத் திறந்தா உனக்குக் கொட்டாவி வருது. வேலை செஞ்சுக்கிட்டே படி" என்று சொல்லி, கடையின் பின்சுவரில் பெரிய உலகப் படம் ஒன்றை ஒட்டினாள். அதில் ஒரு பெயரும் இல்லை, பரீட்சையிலும் இருக்காதாம். என் நெயில் பாலிஷ் புட்டிகளை எடுத்துப் புள்ளி வைத்தாள். சகாராவுக்குச் சிவப்பு, அமேசானுக்குப் பச்சை, இமயமலைக்கு இருப்பதிலேயே விலை கூடிய ரோஸ். வயிறு எரிந்தது.

கத்தரி பிடித்திருக்கும்போது திரும்பிப் பார்த்தால் யார் காதாவது போய்விடும். எதிரே ஆளுயரக் கண்ணாடி எதற்கு இருக்கிறது? பின்சுவர் முழுக்க அதில் தெரியும். வந்தவர்கள் தலைக்கு மேலே உலகத்தைப் பார்த்துப் பார்த்தே மனப்பாடம் செய்தேன். "ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க" என்றார் என் வீட்டுக்காரர். ஏழாவதைத் தாண்டாத வாய் அது.

தேர்வறையில் கொடுத்த உலகப் படத்தை விரித்தேன். கீழே இடது மூலையில் இருக்க வேண்டிய ஆஸ்திரேலியா வலது மூலையில் கிடந்தது.

"சார், படத்தைத் தப்பா அச்சடிச்சிருக்காங்க."

கண்காணிப்பாளர் எட்டிப் பார்த்தார். "உலகமே அப்படித்தாம்மா இருக்கு."

"எங்க கடையில அப்படி இல்ல சார்."

சொல்லி முடிப்பதற்குள் உறைத்தது. இடது வகிட்டை வலது வகிடாகக் காட்டும் கண்ணாடியோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டியவள், அதை நம்பி உலகத்தைப் படித்திருக்கிறேன். ஆத்திரம் வந்தது, கூடவே அழுகையும். பயிற்சி மையத்து டீச்சர் நாற்காலியில் வேறு எவளோ உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது.

என் இடம் ஜன்னலோரம். படத்தைப் பின்பக்கமாகத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தேன். கோடுகள் மங்கலாகத் தெரிந்தன. ஆஸ்திரேலியா இடது மூலைக்கு வந்துவிட்டது. பின்பக்கமே பென்சிலால் அழுத்திக் குத்தினேன். முன்பக்கம் திருப்பினால் ஒவ்வோர் இடத்திலும் சின்னதாய் ஒரு மேடு. தடவிப் பார்த்துப் பெயர் எழுதினேன்.

"என்னம்மா பண்றீங்க?"

"பின்னாடி நின்னாத்தான் சார் எனக்குக் கை ஓடும்."

பாஸ். வீட்டுக்காரர் மார்க் ஷீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பயிற்சி மையத்தில் முதல் வகுப்பு. மேசை இருந்தது, நாற்காலியும் இருந்தது. உட்கார்ந்தேன். கத்தரியும் கையுமாகப் பெண்கள் என்னையே பார்த்தார்கள்.

"டீச்சர், நீங்க எழுந்து நின்னு வெட்டிக் காட்டினாத்தானே புரியும்?" என்றாள் ஒருத்தி.

"காட்டறேன்மா. முதல்ல கொஞ்ச நேரம் உட்கார்ந்துக்கறேன்."