ரேடியோவின் வகுப்பு

வெல்டிங் வைப்பவனுக்கு முகமூடி தருவார்கள். பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவனுக்குத் தரமாட்டார்கள். நான் பிடித்துக்கொண்டு நிற்பவன். இரவு ஷிப்ட் முடிவதற்குள் கண்ணுக்குள் மணலை அள்ளிக் கொட்டியது போல ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து கொடுத்து, இரண்டு கண்ணிலும் பஞ்சு வைத்துக் கட்டி, வெளிச்சம் படாமல் கிட என்று அனுப்பிவிட்டார்கள்.

பகலில் மனைவி வேலைக்குப் போய்விடுவாள். அன்று மகளுக்குப் பள்ளிக்கூடமும் இல்லை. டீச்சரை ஏதோ கணக்கெடுப்புக்கு அனுப்பியிருந்தார்கள். இருப்பதே ஒரு டீச்சர். அவர் வீடு வீடாகப் போய்த் தலை எண்ணினால் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டுத்தான். சுவருக்குப் புது பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு ஷூ கொடுத்திருக்கிறார்கள், பை கொடுத்திருக்கிறார்கள். பையில் இருப்பதை எடுத்துச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் கொடுக்கவில்லை.

ஆனாலும் நான் பெரிதாக அலட்டிக்கொண்டதில்லை. என் மகள் ஐந்தாம் வகுப்பு லீடர். குரல் அப்படி. தெருவில் அவளுக்கு ரேடியோ என்றுதான் பேர். டீச்சர் சின்னப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டும்போது, இவள் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்று ஒரு வரி சொல்வாள். மொத்த வகுப்பும் அதைத் திருப்பிச் சொல்லும். வீட்டிலும் சத்தமாகத்தான் படிப்பாள். வேலை முடிந்து வந்து, வீட்டின் நடுவே தடுப்பாகக் கட்டிய திரைக்கு இந்தப் பக்கம் படுத்தால் அந்தச் சத்தத்திலேயே தூங்கிப்போவேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். மகள் தடங்கல் இல்லாமல் படிக்கிறாள் என்பதே போதுமாக இருந்தது. எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

"பாப்பா, அலமாரியிலே கண் மருந்து இருக்கும். எடுத்துட்டு வா."

"ரெண்டு பாட்டில் இருக்குப்பா."

"ஒண்ணு அம்மாவோட காது மருந்து. மேலே சீட்டு ஒட்டியிருப்பாங்க. படிச்சுப் பாரு."

கண் என்றால் கண், காது என்றால் காது. ஐந்தாம் வகுப்புக்கு அது ஒரு படிப்பா? கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ரேடியோ சத்தமில்லாமல் நின்றபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"இதுதான்ப்பா."

பஞ்சை விலக்கி ஒரு சொட்டு விட்டாள். நான் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா குடத்தோடு ஓடி வந்துவிட்டார். என் தலையைச் சாய்த்துப் பிடித்து, கண்ணில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார். எரிச்சல் கொஞ்சம் அடங்கிய பிறகுதான் பாட்டிலை எடுத்துப் பார்த்தார்.

"காதுக்கு ஊத்துறதுண்ணே இது! ஏண்டி ரேடியோ, கொட்டை எழுத்துல போட்டிருக்கானே. கண்ணு தெரியாதவரு உங்கப்பாவா, நீயா?"

அவர் சரியான மருந்தை விட்டுவிட்டுப் போனதும் மகளைக் கூப்பிட்டேன்.

"பாடப் புத்தகத்தை எடு. படி."

ஆரம்பித்தாள். "மழை பெய்தது. குளம் நிறைந்தது. தவளைகள் கரை ஏறின." ஒரு இடத்திலும் தட்டவில்லை. நான் காது மருந்து படாத கண்ணின் பஞ்சை மேலே தள்ளினேன். நீர் வழிய, கலங்கலாகத் தெரிந்தது. திறந்திருந்த பக்கத்தில் மழையும் இல்லை, தவளையும் இல்லை. ரயில் படம் இருந்தது.

படத்துக்குக் கீழே ஒரு சொல்லில் விரலை வைத்தேன். "இது என்ன?"

படத்தைப் பார்த்தாள். "ரயில்."

அது 'பயணிகள்'.

பஞ்சை இறக்கிவிட்டேன். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர்கிட்ட சொல்லாதேப்பா. லீடர்லேருந்து எடுத்துடுவாங்க."

சாயங்காலம் வந்த மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் சொன்னாள். "போய்ச் சண்டை போட்டுட்டு வந்துடாதே. இருக்கிறதே ஒரு டீச்சர்."

மறுநாள் கண் கட்டோடு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். "கல் இருக்குப்பா, பார்த்து. பள்ளம்ப்பா." வழியெல்லாம் சரியாகத்தான் சொன்னாள்.

டீச்சர் வாசலுக்கு வந்தார். தொண்டை கட்டிப்போன குரல். நான் சொல்லி முடிக்கும் முன்பே, "தெரியும்," என்றார்.

"தெரியுமா?"

"தெரியாம இருக்குமா? அவ மட்டுமா? அஞ்சாவதுல பாதி இப்படித்தான். நான் ஒரு தடவை வாசிச்சா அப்படியே பிடிச்சுக்குதுங்க. அதுல உங்க பொண்ணு கெட்டி."

"அப்ப எழுத்து சொல்லிக்கொடுங்க டீச்சர்."

"எப்போன்னு நீங்களே சொல்லுங்க. ஒண்ணாவதுலேருந்து அஞ்சாவது வரைக்கும் இந்த ஒரே ரூம். இதோ ஒருத்தன் அழுவுறான். இன்னொருத்தன் டவுசரோட போயிட்டு நிக்கிறான். உங்க பொண்ணு குரல் குடுக்கலைன்னா அஞ்சாவதுன்னு ஒரு வகுப்பே கிடையாது."

"அவளை ஒண்ணாவதோட உக்கார வைங்க. அசிங்கப்பட்டாலும் பரவாயில்லை."

"உங்களுக்குப் பரவாயில்லை. அவளைக் கேட்டீங்களா?"

உள்ளே இரைச்சல் கூடிக்கொண்டே போனது. பெஞ்சு ஒன்று தடாலென்று விழுந்தது. "போம்மா, ஆரம்பி," என்றார் டீச்சர். பிடித்திருந்த கை என் கையிலிருந்து உருவிக்கொண்டு போனது.

"மழை பெய்தது."

"மழை பெய்தது," என்றது வகுப்பு. இரைச்சல் அடங்கிவிட்டது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. வெளியே சாலையில் போகிறவன் கேட்டால், பள்ளிக்கூடம் பிரமாதமாக நடக்கிறது என்றுதான் நினைப்பான். நானும் திரைக்கு இந்தப் பக்கம் அப்படித்தான் நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போனேன். ஏதோ ஒரு பையில் கால் இடறியது.

"பாப்பா, புத்தகத்தை வெச்சிட்டு வா. சின்னப் பிள்ளைங்களோட உக்காரு."

பாடம் நின்றது. அடுத்த வரிக்காக வகுப்பு மொத்தமும் காத்திருந்தது.

"நீ போப்பா," என்றாள். பாடம் சொல்லும் அதே குரல்.

"நீ போப்பா," என்றது வகுப்பு.

யாரும் சிரிக்கவில்லை. அது கிண்டல் இல்லை. லீடர் சொன்னால் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது மட்டும்தான் அவர்களுக்கு அங்கே ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்தது. கொஞ்சம் பொறுத்து அவள், "குளம் நிறைந்தது," என்றாள். அதையும் சொன்னார்கள்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். தனியாக வீட்டுக்குப் போக முடியாது. ரோட்டைத் தாண்ட அவள் கை வேண்டும்.

மணி அடித்ததும் வந்து என் கையைப் பிடித்தாள். பஸ் நிறுத்தத்தில் பலகை ஒன்று இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

"கல் இருக்குப்பா," என்றாள். "பார்த்து."