பிளவுக்குள் மச்சாள்

எலிசாவும் அக்னெஸும் ஐந்து வருடமாகக் கதைப்பதில்லை. மொன்றியலின் செயின்ட்-மிஷேலில் இருவருக்கும் ஒரே கோயில், ஒரே பூசை. சமாதானம் சொல்லும் நேரம் வந்தால் மட்டும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக் கும்பிடுவார்கள்.

அக்னெஸ், எலிசாவின் கணவர் அன்டனின் தங்கை. அன்டனின் முப்பத்தோராம் நாள் பூசையோடு வாயை மூடியவள்தான். ஏனென்று எலிசாவுக்கு இன்றுவரை விளங்கவில்லை. விசாரித்த இடமெல்லாம் ஒவ்வொரு கதை. சாப்பிட வாவென்று கூப்பிடவில்லையாம் என்றாள் ஒருத்தி. அவள் பொரித்துக்கொண்டு வந்த மீன் ரோல்ஸை மேசையில் வைக்கவில்லையாம் என்றாள் இன்னொருத்தி. புருஷனை அடக்கம் பண்ணிய கையோடு ரோல்ஸை எவள் கவனித்தாள்! ஆனால் அன்டனைப் பற்றிச் சேர்ந்திருந்து அழவும் சிரிக்கவும் எலிசாவுக்கு அக்னெஸை விட்டால் வேறு ஆளில்லை. அதுதான் அவளைத் தின்றது.

மகன் றொக்சனுக்கு அமெரிக்காவில், ஒரேகனில் வேலை. ஜூலையில் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு இருவரையும் கூப்பிட்டவன், விமானத்தில் பக்கத்துப் பக்கத்து சீட்டும் போட்டுவிட்டான். ஞானஸ்நானம் முடிந்த மறுநாள் உயர்ந்த பாலைநிலம் பார்க்கலாம் என்று காரில் ஏற்றினான்.

"தம்பி, உன்ர அம்மாவுக்கு ஏசி குளிருதோ எண்டு கேள்."

"குளிரேல்லை எண்டு மாமிக்குச் சொல்லு."

இப்படியே வழி முழுக்க.

எரிமலைக் குழம்பு இறுகிய நிலம் எந்தக் காலத்திலோ இரண்டாகப் பிளந்த இடம் அது. மேலே சாம்பல்நிறப் பற்றைகளும் கொளுத்தும் வெயிலும். உள்ளே இறங்கினால் இரு பக்கமும் கறுத்த பாறைச் சுவர், காலடியில் மணல், பிரிட்ஜைத் திறந்த மாதிரிக் குளிர். ஒரு மூலையில் ஊத்தைப் பனிகூடக் கிடந்தது. மொன்றியலில் நாலு மாதம் வழித்துக் கொட்டிய சனியன் இங்கேயுமா என்று எலிசாவுக்கு எரிச்சல் வந்தது.

றொக்சன் வீடியோ எடுத்தபடி வளைவில் மறைந்தான். அக்னெஸ் அடுத்து, கடைசியில் எலிசா. வழி ஒடுங்க ஒடுங்க முன்னால் போகிறவளின் பிடரி மட்டுமே எலிசாவுக்குத் தெரிந்தது. அன்டனின் அதே கழுத்து. ஒரு பக்கம் சாய்ந்த அதே நடை. யாரின் பின்னால் போகிறோம் என்று ஒரு கணம் குழம்பிப்போனாள். "நில்லுங்கோ" என்று வாய்வரை வந்தது.

அந்தக் குழப்பத்தில் பக்கவாட்டில் திரும்ப மறந்து, நேராகப் போய்ச் சிக்கிக்கொண்டாள். இடத் தோளிலும் பாறை, வலத் தோளிலும் பாறை. முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் வரவில்லை. கத்தினால் மகனுக்குக் கேட்காது. கேட்கக்கூடியவளைக் கூப்பிட நாக்கு எழவில்லை.

பின்னால் காலடிச் சத்தம் ஓய்ந்ததும் அக்னெஸ் நின்றாள். திரும்ப அவளுக்கும் இடமில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டினாள்.

"மூச்சை விடுங்கோ. விட்டிட்டுச் சரிஞ்சு வாங்கோ."

எலிசா அந்தக் கையைப் பிடித்தாள். ஒரு இழுவை. வெளியே வந்துவிட்டாள்.

வெளிச்சத்துக்கு ஏறியதும் அக்னெஸ் கையை உதறிவிட்டு, "தம்பி, தண்ணி இருக்கோ?" என்றாள். எலிசாவின் பக்கம் திரும்பவே இல்லை. விமானத்திலும் மொன்றியல்வரை ஒரே நித்திரை, அல்லது நித்திரை மாதிரி.

இது என்ன கோதாரி? எலிசாவுக்குத் தலை சுற்றியது. முகம் பார்க்காமல் சொன்னது கதைத்ததாகுமா? மச்சாள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே. கோபம் போய்விட்டதா, இல்லை வழியில் யார் சிக்கினாலும் இழுத்துவிட்டிருப்பாளா?

ஞாயிற்றுக்கிழமை வெட்கத்தை விட்டு, கோயிலில் அக்னெஸுக்கு நேர் பின்னால் இருந்த வாங்கில் போய் இருந்தாள். சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. அக்னெஸ் இடப்பக்கம் கும்பிட்டாள். வலப்பக்கம் கும்பிட்டாள். முன்னால் இருந்தவர்களையும் தட்டிக் கூப்பிட்டுக் கும்பிட்டாள். பின்னால் திரும்பவில்லை. சரி, அவ்வளவுதான் என்று எலிசா தலையைக் குனிந்தாள். அழுகை வெளியே கேட்காமலிருக்க மூச்சை அடக்கிக்கொண்டாள்.

அப்போது வாங்குக்கு மேலால் ஒரு கை பின்னோக்கி வந்தது.

இங்கே திரும்ப இடம் தாராளமாக இருந்தது. ஆனாலும் அக்னெஸ் திரும்பவில்லை. எலிசா இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"மூச்சை விடுங்கோ, மச்சாள்," பீடத்தைப் பார்த்தபடியே அக்னெஸ் சொன்னாள். "பூசை முடியட்டும், பேந்து கதைப்பம், அந்த ரோல்ஸைப் பற்றி."

"அப்ப ரோல்ஸ்தானோ?" என்றாள் எலிசா. ஐந்து வருடத்துக்குப் பிறகு மச்சாளிடம் அவள் கதைத்த முதல் கதை அது.