ஸ்காட்லாந்தில் மூன்று குளிர்காலம்

செப்டம்பர் கடைசியில், கோடைக்கு மட்டும் கேரவனில் வந்து தங்குகிறவர்கள் வயலைக் காலி செய்துகொண்டு போனபோது நான்கு கேஸ் சிலிண்டர்களை என்னிடம் விட்டுவிட்டுப் போனார்கள். நான்கும் முழுசு. நான்கும் நீலம். காசு வேண்டாம் என்றார்கள். குளிர்காலம் முழுக்க வயலில் தங்கப்போகிற மற்ற ஐந்து கேரவன்காரர்களும் அந்த சிலிண்டர்களைத் தாண்டித்தான் தினமும் நடந்தார்கள். ஒருவரும் கை வைக்கவில்லை. சோம்பேறிகள் என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் வண்டிகளின் முன்னால் நின்றவை எல்லாம் சிவப்பு. அதையும் நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, சிவப்பு கண்ணை உறுத்துகிறது, நீலம்தான் அழகு என்று தீர்மானித்தேன்.

வட இங்கிலாந்தில், நார்தம்பர்லேண்ட் கடற்கரையிலிருந்து இரண்டு மைல் உள்ளே இருக்கிறது நார்மாவின் பண்ணை. கோடையில் நாற்பது கேரவன் நிற்கும், காரில் கட்டி இழுத்து வருகிற சக்கர வீடுகள். குளிருக்கு ஆறு வண்டிகளை மட்டும் வைத்துக்கொள்வார். வயலில் மின்சாரம் கிடையாது. கூரைமேல் இருக்கும் சோலார் தகடு விளக்குக்கும் போனுக்கும் போதும். சமையல், வெந்நீர், சூடு எல்லாமே கேஸ்.

ஏப்ரலில் நான் வந்து இறங்கிய அன்றைக்கே நார்மா கேட்டார். "குளிர்ல வண்டியில இருந்து பழக்கம் உண்டா கண்ணு?"

"மூணு குளிர்காலம்," என்றேன். "ஸ்காட்லாந்துல."

ஸ்காட்லாந்துக்கு நான் போனது ஒரே ஒரு தடவை. பள்ளிச் சுற்றுலா. போகும்போதே பேருந்தில் வாந்தி எடுத்து, இறங்காமலே திரும்பி வந்தேன்.

பொய்க்குக் காரணம் இருந்தது. ஆறு வருடம் ரொட்டி ஆலையில் இரவு வேலை பார்த்தேன். ஒரு விடிகாலையில் கையுறையைக் கழற்றி, ரொட்டி ஓடுகிற பட்டையிலேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அந்தக் கையுறை எந்த வீட்டுக்குப் போனதோ. அதற்குப் பிறகு கேட்ஸ்ஹெட்டில் என் அக்கா ஜில் வீட்டில், இஸ்திரிப் பலகை வைக்கிற அறையில், இஸ்திரிப் பலகையோடு குடியிருந்தேன். அத்தான் கீத் நல்ல மனிதர். தினமும் காலையில் என் டோஸ்ட் தட்டுக்கு அடியில் ஒரு வேலை விளம்பரத்தை வெட்டி வைப்பார். வெண்ணெய்க் கறையோடு அதை நான் படிக்க வேண்டும். எனக்கு நாற்பத்து மூன்று வயது. என்னைவிட வயதான இந்த கேரவனை வாங்கிக்கொண்டு கிளம்பியபோது, "நவம்பர்ல திரும்பி வருவே. ரூமை அப்படியே வெச்சிருக்கோம்," என்றார் கீத். அன்பாகத்தான் சொன்னார். அதனால்தான் திரும்பிப் போகவே கூடாது என்று ஆகிவிட்டது.

பொய் சொன்னதும் வாழ்க்கை சுலபமாகிவிட்டது. யாரும் எனக்குப் புத்தி சொல்ல வரவில்லை. வில்ஃப் என்று ஒருவர் அடுத்த வண்டியில் இருந்தார். எழுபத்தைந்து வயது. முன்னாள் பேருந்து ஓட்டுநர். இந்த வயலில் இது அவருக்குப் பதினோராவது குளிர்காலம். நான் நீல சிலிண்டர்களை வரிசையாக அடுக்குவதை அவர் ஒரு மணி நேரம் நின்று பார்த்தார்.

"ஸ்காட்லாந்துல இதுதானா?" என்றார்.

"அங்க எல்லாரும் இதுதான்," என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார். பாவம், கற்றுக்கொண்டார் என்று நினைத்தேன்.

அக்டோபரில் குடித்தனம் ஆரம்பித்தது. கேரவனில் மூச்சு விடுவதே வீட்டுக்குக் கேடு. நான் விடுகிற மூச்செல்லாம் கண்ணாடியில் தண்ணீராகி, ஓரமாக வழிந்து, மெத்தைக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. மெத்தையை நிமிர்த்தி வைத்தால் ஒரு மூலையில் பூஞ்சை. துடைத்தால் அடுத்த மூலையில். ஜன்னலைத் திறந்தால் குளிர், மூடினால் மழை. நிரம்பிய கழிவறைப் பெட்டியைக் கொட்ட, அதைத் தூக்கிக்கொண்டு வயலின் மறுகோடிக்குப் போக வேண்டும். எல்லோருடைய ஜன்னலையும் கடந்துதான் பாதை. முதல் வாரம் ஏதோ கைப்பை மாதிரி வீசி வீசி நடந்தேன். மூடி சரியில்லை என்பது பாதி வழியில் தெரிந்தது. அதற்கப்புறம் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கினேன். இரண்டையும் எல்லோரும் பார்த்தார்கள். ஸ்காட்லாந்து வழக்கமாக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

நார்மாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. முதல் கடும் உறைபனி விழுகிற காலையில் ஒன்பது மணிக்கு, புதிதாக வந்தவர் வண்டிக்கு வந்து உட்கார்ந்து ஒரு டீ குடிப்பார். சோதனை என்று சொல்லமாட்டார். டீ குடித்து முடிப்பதற்குள் அவர் கோட்டைக் கழற்றினால் நீ இருக்கலாம். கழற்றவில்லை என்றால் வார இறுதிக்குள் வண்டியை இழுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

நவம்பர் ஒன்பதாம் தேதி விழுந்தது. மைனஸ் ஐந்து. ஏழு மணிக்கு எழுந்து ஹீட்டரைப் போட்டேன். டிக், டிக் என்றது. பற்றவில்லை. அடுப்பைப் பற்றவைத்தேன். நீலமாக ஒரு பாசிமணி அளவுக்குத் தீ வந்தது. என்னைப் பார்த்தது. போய்விட்டது.

சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்று வெளியே போய் இரண்டாவதை மாட்டினேன். அதிலும் வரவில்லை. மூன்றாவது, நான்காவது. ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்தேன். உள்ளே தளும்பியது. முழுசாக இருக்கிறது, ஆனால் வரமாட்டேன் என்கிறது. ரொட்டி ஆலையில் என்னைப் பற்றி மேலாளர் இதையேதான் சொல்லியிருப்பார்.

குளிரில் விறைத்துவிட்டது போல, சூடாக வைத்தால் சரியாகிவிடும் என்று தோன்றியது. என் ரஜாயைக் கொண்டுவந்து ஒரு சிலிண்டரைச் சுற்றினேன். கழுத்தில் மஃப்ளரும் கட்டினேன். பத்து நிமிடம் காத்திருந்து திறந்தால் முன்பு வந்த பாசிமணி அளவு தீயும் வரவில்லை.

வில்ஃப் செருப்போடு வெளியே வந்தார். கையில் டீ கப், அதிலிருந்து ஆவி. சிலிண்டரைப் பார்த்தார். மஃப்ளரைப் பார்த்தார்.

"ஏன்டா ராசா, பால் குடுத்தியா?"

"வால்வு ஏதோ மக்கர் பண்ணுது அண்ணே."

"நாலும் மக்கரா?"

நான் மஃப்ளரின் முடிச்சை இறுக்கினேன்.

"நீலம் வெயிலுக்கு. இந்தக் குளிர்ல அது ஆவியாகாது. உள்ள தண்ணி மாதிரி கிடக்கும், அவ்வளவுதான். சிவப்புதான் குளிருக்கு. இது ஸ்காட்லாந்துல யாரும் சொல்லலையா?"

"ரஜாய் சுத்தியிருக்கேனே."

"அதுக்குக் கொஞ்சநஞ்ச சூடு வெளிக்காத்துலேர்ந்துதான் வரணும். அதையும் நீ போர்த்தி அடைச்சுட்டே." ஒரு வாய் டீ குடித்தார். "உள்ள தூக்கிட்டுப் போலாம்னு பாக்காதே. கசிஞ்சா எல்லாருமா சேர்ந்து கிளம்பிடுவோம்."

"உங்களுக்குத் தெரியும்னா அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"மூணு குளிர்காலம் இருந்துட்டு வந்தவன்கிட்ட நான் என்னத்தைச் சொல்றது? ஏதோ அந்தப் பக்கத்து வித்தைன்னு நினைச்சேன். நாங்க அஞ்சு வண்டிக்காரங்களும் பேசிக்கிட்டோம். கடைசி வண்டி டோரீன்கூடச் சொன்னா, அவன் என்னமோ பண்றான், பாக்கலாம்னு."

தன் சிவப்பு சிலிண்டர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். என் குழாயின் வாய் அதில் உட்காரவில்லை. நீலத்துக்கு ஒரு வாய், சிவப்புக்கு வேறு வாய். அதை வாங்கக் கடை திறக்கப் பத்து மணி ஆகும். அப்போது மணி எட்டரை.

"என் டீயை ஃப்ளாஸ்க்ல ஊத்தித் தரேன்," என்றார் வில்ஃப். "உன் கெட்டில்ல ஊத்தி வெச்சுக்கோ. நார்மாவுக்கு நீயே போட்ட மாதிரி குடு. சூட்டுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது."

மானமுள்ளவன் மறுத்திருப்பான். நான் ஃப்ளாஸ்கை வாங்கிக்கொண்டேன். அதோடு நிற்காமல், கதவு இடுக்குகளில் துணி செருகி, ஆறு மெழுகுவர்த்தி ஏற்றி, நடுவில் நின்று இருபது நிமிடம் தோப்புக்கரணம் மாதிரி உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். ஆள் சூடானால் வண்டி சூடாகும் என்று கணக்கு. ஜன்னல்களில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தது.

சரியாக ஒன்பதுக்கு நார்மா வந்தார். அறுபத்தைந்து வயது, அகலமான பெண்மணி. அவர் ஏறியதும் வண்டி அந்தப் பக்கமாகச் சாய்ந்து ஒரு மெழுகுவர்த்தி விழுந்தது. எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

"பிறந்தநாளா?"

"சும்மா, ஒரு வெளிச்சத்துக்கு."

டீயை வைத்தேன். பேசும்போது எங்கள் இருவர் வாயிலிருந்தும் புகை வந்தது. நான் முடிந்தவரை மூக்கால் மூச்சு விட்டேன். நார்மா ஒரு வாய் குடித்தார். கப்பைக் கீழே வைத்தார்.

"வில்ஃப் எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கார். ஏன்?"

"இந்த டீயால வேலி மரத்துக்கே பெயிண்ட் அடிக்கலாம். இந்த வயல்ல ஒருத்தன்தான் இப்படிப் போடுவான்."

கோட்டின் மேல் பித்தான் திறந்திருந்தது. அதை மாட்டிக்கொண்டார்.

எனக்கு டோஸ்ட் தட்டு கண்ணில் வந்தது. அடியில் வெட்டி வைத்த விளம்பரம். "நீலம் மாட்டிட்டேன்," என்றேன். "சிவப்பு இன்னிக்கே மாத்திடுவேன்."

"ஸ்காட்லாந்துல எந்த ஊர்?"

"எந்த ஊரும் இல்ல. பஸ்ல உக்காந்து ஜன்னல் வழியா பாத்தேன்."

நார்மா சிரிக்கவில்லை. கையுறையைப் போட்டுக்கொண்டார்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி ரோலண்டுன்னு ஒருத்தன் இருந்தான். நார்வேயில நாலு குளிர்காலம் இருந்தேன்னான். நாங்களும் வாயைப் பொத்திக்கிட்டோம், அவனுக்குத் தெரியாததான்னு. ஜனவரியில நான்தான் கதவை உடைச்சுப் பாத்தேன். எல்லா துணியும் போட்டுக்கிட்டு, ஷூவோட படுத்திருந்தான். விறைச்சுப் போய் ரெண்டு நாள் ஆயிருந்துச்சு. அவன் தங்கச்சி வந்தா. நார்வேயா, அவன் கப்பல்கூட ஏறினதில்லையேன்னா."

நான் மெழுகுவர்த்திகளை ஒவ்வொன்றாக ஊதி அணைத்தேன்.

"ஒண்ணும் தெரியாதவனை வெச்சுக்கலாம்," என்றார் நார்மா. "கதவைத் தட்டிக் கேட்டுக்கிட்டே இருப்பான். தொல்லைதான், ஆனா உயிரோட இருப்பான். எல்லாம் தெரிஞ்சவனை இனிமே நான் வெச்சுக்கறதா இல்ல."

"அப்ப நான் கிளம்பணுமா?"

"இருட்டறதுக்குள்ள சிவப்பு மாட்டு. அதுக்கு முன்னாடி அஞ்சு வண்டிக்கும் போ. ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லு, எனக்கு ஒரு மண்ணும் தெரியாதுன்னு. இதே வார்த்தை. நான் அப்புறம் கேப்பேன்."

"வில்ஃபுக்குத் தெரியுமே."

"அவன்கிட்டயும் சொல்லு. அவனுக்குப் பிடிக்கும்."

வில்ஃபுக்குப் பிடிக்கத்தான் செய்தது. காது சரியாகக் கேட்கவில்லை என்று இரண்டாவது தடவையும் சொல்லவைத்தார். அடுத்த வண்டியில் பேட்ரிசியா, ஓய்வு பெற்ற நர்ஸ். கதவைத் திறந்து, நான் வாயைத் திறக்கும் முன்பே, "நீ கழிவறைப் பெட்டியைத் தூக்குற அழகுலயே தெரிஞ்சுடுச்சு," என்றாள். ஆனாலும் அந்த வார்த்தையைச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். பிறகு ஏழு மாதமாகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் கொட்டினாள். மெத்தைக்கு அடியில் மரச்சட்டம் போடு, மேல் ஜன்னலை ஒரு விரல் அளவுக்குத் திறந்து வை, துணியை உள்ளே காயப்போடாதே. மூன்றாவது வண்டியில் இருந்த கார்பென்டர் அதெல்லாம் தப்பு என்று ஆரம்பித்தான். நான்காவதில் இருந்தவர் ஒன்றுமே சொல்லவில்லை. கையைக் குலுக்கினார், இழவு வீட்டில் குலுக்குகிற மாதிரி.

கடைசி வண்டி லயனல், டோரீன் தம்பதியுடையது. கதவில் ஆள் இல்லை. பின்பக்கம் போனேன். லயனல் குந்தி உட்கார்ந்து வண்டியின் அடியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் டோரீன், ரோஜா நிற நைட்டிக்கு மேல் கோட்டு, கையில் காலி வாளி.

"லயனல் அண்ணே, ஒரு விஷயம் சொல்லணும். எனக்கு ஒரு மண்ணும் தெரியாது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எதைப் பத்தி?"

"குளிர் பத்தி. கேரவன் பத்தி. ஸ்காட்லாந்தெல்லாம் பொய்."

லயனல் மெதுவாக எழுந்து நின்றார். எழுந்திருக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அப்ப போன மாசம் என்னை நிக்கவெச்சு, தண்ணிக் குழாயில செய்தித்தாள் சுத்துங்க, அங்க எல்லாரும் அதுதான் பண்றாங்கன்னு சொன்னியே?"

சொல்லியிருந்தேன். நன்றாக நினைவு வந்தது. என் வண்டியில் குழாயே கிடையாது, கேனில்தான் தண்ணீர். குளிருக்குக் குழாய்மேல் மாட்டுகிற நுரைக்குழல் கடையில் வாங்கப் போகிறேன் என்றார் அவர். வீண் செலவு என்று நான் தடுத்து, எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்றுகூடச் சொன்னேன். ஏழு சுற்று. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"ஏழு சுத்து சுத்தினார்," என்றாள் டோரீன். "ஞாயித்துக்கிழமை பேப்பர் முழுசும். நான் இன்னும் படிக்கக்கூட இல்ல."

அடியில் பார்த்தேன். ஈரத்தில் ஊறிய பேப்பர் குழாயோடு சேர்ந்து கல்லாக உறைந்திருந்தது. கிழிக்கவும் முடியாது, உருவவும் முடியாது. விளையாட்டுப் பக்கம் வெளியே தெரிந்தது.

நான் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நுழைந்தேன். டோரீன் உள்ளே போய்க் கேனில் மிச்சமிருந்த தண்ணீரைக் கெட்டிலில் வைத்தாள். அவர்களுடையது சிவப்பு, உடனே கொதித்தது. வெந்நீரில் நனைத்த துண்டுகளை ஒவ்வொன்றாக வாங்கிக் குழாயைச் சுற்றிப் பிடித்தேன். துண்டு ஆறும். திருப்பிக் கொடுப்பேன். அடுத்தது வரும். உருகிய தண்ணீரெல்லாம் கைவழியாக இறங்கி அக்குளுக்குள் போனது. வேலிக்கு அந்தப் பக்கம் எனக்குத் தெரிந்த பூட்ஸ் வந்து நின்றது, நார்மாவுடையது. கொஞ்ச நேரம் நின்றது, போய்விட்டது.

ஒரு மணி நேரத்தில் பேப்பர் கூழ் கூழாக என் முகத்தில் விழ ஆரம்பித்தது. லயனலின் செருப்புகள் என் தலைக்குப் பக்கத்தில் வந்து நின்றன.

"ஏம்பா நைஜல், இது உருகினதும் குழாயைத் திறந்து விடணுமா, இல்ல மூடி வைக்கணுமா? ஸ்காட்லாந்துல எப்படி?"

"தெரியாது அண்ணே," என்றேன். வாயில் கொஞ்சம் பேப்பர் போயிருந்தது. "பேட்ரிசியாவைக் கூப்பிடுங்க."