நடுவில் மைனஸ்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அலிபிரி ரோட்டு வாடகை அறையில் இருந்தவர்கள்: விஜயபுரத்து முனிரத்தினம், சித்தூர் பவன்குமார், அரக்கோணத்திலிருந்து பிழைக்க வந்த எழிலரசன். மூவரும் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஒரு ஜப்பான் கம்பெனியில் ஒப்பந்த ஆட்கள். நாலாவதாகத் தரையில் ஒரு பாட்டுப் பெட்டி, உள்ளங்கை அகலம். அது செத்துக் கிடந்தது. செத்ததா மயங்கியதா என்பதில் மூவருக்கும் மூன்று கருத்து.

மறுநாள் பத்து மணிக்கு ஜப்பானிய மொழித் தேர்வு. எல்லாம் வாய்ப் பேச்சுதான். தேறினால் ஆறு மாதம் ஜப்பானில் பயிற்சி, திரும்பி வந்தால் நிரந்தர வேலை. தேறாவிட்டால் மாதக் கடைசியோடு ஒப்பந்தம் முடிந்தது. முனிரத்தினம் விஜயபுரத்துக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். படிக்க வேண்டிய இருபது பாடங்களும் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. பயிற்சிக் கூடத்துக்குள் போன் கூடாது என்பதால் கம்பெனி கொடுத்த ஏற்பாடு அது. பாடங்களைப் போனுக்கு மாற்ற பவன்குமார் மல்லுக்கட்டிப் பார்த்தான், நடக்கவில்லை. ஆளுக்கு இரண்டு நாள் என்று முறை வைத்ததில் முனிரத்தினத்துக்குச் சனி, ஞாயிறு விழுந்தது.

அன்று விடிகாலை ஒன்பதாம் பாடத்தோடு சார்ஜ் தீர்ந்தது. கூடவே கொடுத்திருந்த சார்ஜரை எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினான். தட்டையான இரண்டு கால்கள் சுகமாக உள்ளே போய் உட்கார்ந்தன. சார்ஜர் கொஞ்ச நேரம் வண்டு மாதிரி உறுமியது. பிறகு நாற்றம் வந்தது.

"நீ ஜப்பானுக்குப் போயி இன்னாடா பண்ணப் போற? ஊரையே கொளுத்திட்டு வருவ" என்றான் எழிலரசன். அவன் போன வருடமே தேர்வில் தோற்று, வேலை போய், வேறு காண்ட்ராக்டர் வழியாகத் திரும்ப உள்ளே வந்தவன். அதனால் அவனுக்கு எல்லாம் சிரிப்பாக இருந்தது.

"பின்னு உள்ள பூட்ச்சேடா. உள்ள பூட்ச்சின்னா சரியாத்தானே இருக்கணும்?"

பவன்குமார் சார்ஜரைத் திருப்பிப் பார்த்தான். "ஏமிரா இதி! நூறு வோல்ட்டுன்னு போட்டுக்குது. நம்ம வீட்ல வர்றது எறநூத்தி முப்பது."

"அப்ப கம்பெனில மட்டும் எப்டி ஏறுச்சி?" என்றான் எழிலரசன்.

பயிற்சிக் கூடத்து மூலையில் இருக்கும் மஞ்சள் இரும்புப் பெட்டி கொஞ்சம் கழித்துத்தான் முனிரத்தினத்துக்கு ஞாபகம் வந்தது. எல்லாச் சார்ஜரையும் அதில்தான் செருகுவார்கள். கரண்டைக் குறைத்துக் கொடுக்கும் பெட்டி. இரண்டு வருடமாக அதன் மேல் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டிருந்தான்.

பெட்டியையும் சார்ஜரையும் தூக்கிக்கொண்டு ஓடினான். பஸ் ஸ்டாண்டு அருகே கன்னையாவின் ரிப்பேர் கடை திறந்திருந்தது. கன்னையா சார்ஜரை மோந்து பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார்.

"இது முடிஞ்சிட்ச்சி நைனா. பொட்டி உசுரோட இருக்கான்னு பாக்கலாம். மூணு வோல்ட்டு போதும். ரெண்டு பென்சில் செல்லு போட்டு ஒயர இழுத்து வுட்டா ஓடும். ஆனா ஒண்ணு, சொருகற முனைல நடுவுல ப்ளஸ்ஸா, மைனஸ்ஸா?"

"அதுல எங்க இருக்குது நடு?"

"சரியாப் போச்சி" என்று கன்னையா கண்ணாடியைத் துடைத்தார். "நம்ம ஊர்ல வர்றது முக்காவாசி நடுவுல ப்ளஸ்ஸு. பதினஞ்சு வருசமா பாக்கறேன்."

சார்ஜரின் அடியில் கருகாமல் மிஞ்சிய லேபிளில் ஒரு சின்னப் படம் இருந்தது. நடுவில் புள்ளி, சுற்றிலும் வளையம். புள்ளியிலிருந்து போன கோடு மைனஸில் முடிந்தது.

"படத்துல மைனஸ்ஸுன்னு போட்டுக்குதுண்ணா."

"படம் போட்டவன் தூங்கிக்கினே போட்டுருப்பான். மாத்திக் குடுத்தா பொட்டி பூடும், அப்பறம் என்னக் கேக்காத. நீயே சொல்லு, எதக் குடுக்கட்டும்?"

முனிரத்தினம் லேபிளை இன்னொரு தடவை உற்றுப் பார்த்தான். கம்பெனியில் அவன் வேலையே லேபிள் ஒட்டுவது. ஒரு ஷிப்டுக்கு ஆயிரத்து இருநூறு லேபிள். நேராக இருக்கிறதா என்று பார்ப்பானே தவிர, என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாளும் படித்ததில்லை. ஆனால் ஒரு லேபிள் தப்பாகப் போனாலும் ஜப்பான்காரன் லைனையே நிறுத்திவிடுவான். அது மட்டும் அவனுக்கு நிச்சயமாகத் தெரியும்.

"மைனஸ்ஸே குடுண்ணா."

கன்னையா உதட்டைப் பிதுக்கிக்கொண்டே ஒயரை ஈயம் வைத்துப் பற்ற வைத்தார். பெட்டியில் வெளிச்சம் வந்தது.

அறைக்குத் திரும்பி, கட்டிலில் உட்கார்ந்து, செல்கள் தொங்கும் பெட்டியை மடியில் வைத்து இயர்போனைக் காதில் மாட்டினான். பத்தாம் பாடம் வரவில்லை. பதினாலு வந்தது. அடுத்து மூன்று. அடுத்து, பெட்டியோடு வந்த பாட்டில் எவனோ ஒருவன் கிடார் வாசித்தான். பேட்டரி செத்ததில் பெட்டி தன் வரிசையை மறந்து இஷ்டத்துக்கு எடுத்துப் போட்டது. திரையில் எல்லாம் ஜப்பான் எழுத்து. பவன்குமார் அமுக்கிய பொத்தானில் சத்தம்தான் கூடியது. கடையில் விலை கேட்கும் பாடம் பாதியில் நின்று, ஆஸ்பத்திரியில் எங்கே வலிக்கிறது என்று கேட்டது. முனிரத்தினம் சாயங்காலம் வரை விடாமல் கேட்டான். முடிவில் எந்தப் பதில் எந்தக் கேள்விக்கு என்பது அவனுக்குக் குழம்பிவிட்டது.

"வவுறு வலிக்குதுன்னு சொல்லிட்டு வெல கேளுடா, அவனே கொழம்பிப் போயி பாஸ் போட்டுருவான்" என்றான் எழிலரசன்.

திங்கட்கிழமை தேர்வு அறை வாசலில் ஆபீஸ் அம்மா மாதவி பெயர்ப் பட்டியலோடு நின்றிருந்தாள். பவன்குமார் முடித்துவிட்டு வெளியே வந்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முனிரத்தினம் பெட்டியை மாதவியிடம் நீட்டினான்.

"சார்ஜர் எங்க?"

தொலைந்துவிட்டது என்று சொல்லு என்பதுபோல் பவன்குமார் கண்ணைக் காட்டினான். முனிரத்தினம் பையிலிருந்து கருகிய சார்ஜரை எடுத்துக் கொடுத்தான்.

"எரிஞ்சிட்ச்சி மேடம். வீட்ல சொருகிட்டேன்."

மாதவி அதைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், பட்டியலில் அவன் பெயருக்கு நேரே ஏதோ எழுதினாள். என்ன எழுதினாள் என்று எட்டிப் பார்த்தும் தெரியவில்லை.

"உள்ள போங்க."

உள்ளே மேஜைக்குப் பின்னால் இருந்த ஜப்பான்காரர் தலையைக் குனிந்து வணங்கி ஒரு கேள்வி கேட்டார். பெட்டியில் கேட்ட வார்த்தைகள்தான், சந்தேகமில்லை. கடையா, ஆஸ்பத்திரியா என்பதுதான் தெரியவில்லை. முனிரத்தினம் வாயைத் திறந்தான். அவனுக்குப் பின்னால் மாதவி கதவைச் சாத்தினாள்.